ஆடி கழியட்டும்

ரப்பர் விலை விழுந்து ஊரே கையைப் பிசைந்துகொண்டிருந்த வருஷம். கிள்ளான் ஆற்றோரம் மாட்டுவண்டிக்காரன் பக்கிரிசாமி கட்டிய பலகை வீட்டுக்கு, ஆவணி பிறந்து மூன்றாம் நாள் பிற்பகலில் அடுத்தாள் பழனியப்பன் வந்து சேர்ந்தார். செட்டியார் வட்டிக்கடையில் மேலாளுக்கு அடுத்தபடி அவர்தான். அடமானத்துக்கு வரும் வீட்டை நேரில் பார்த்து அவர் மதிப்புச் சொன்னால்தான் கடையில் பணம் கொடுப்பார்கள்.

பக்கிரிசாமி பணம் கேட்டு வந்தது ஆடி முதல் வாரம். பெண்டாட்டி தனலெட்சுமிக்கு நெஞ்சு நோய். சிங்கப்பூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஆடியில் வீடு பார்ப்பது எங்கள் கடையில் வழக்கமில்லை, கழியட்டும் என்று சொன்னவர் பழனியப்பன்தான். அவர் என்ன வீடு வாங்கவா போகிறார், பால் காய்ச்சிக் குடியேறவா போகிறார்? சுவரைத் தட்டிப் பார்க்க எதற்கய்யா நல்ல மாதம்? அப்படி யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

வானம் மூட்டமாக இருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை வீடு முழுக்க அடித்தது. பழனியப்பன் தூண்களைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், கேட்பவர் நெஞ்சும் சேர்ந்து வலிக்கிற மாதிரி.

சம்சாரத்துக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இருமல்தான் நிற்கவில்லை, ராத்திரியில் இன்னும் அதிகம் என்றான் பக்கிரிசாமி. ஒரே மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான்.

கடைசி அறை சாத்திக் கிடந்தது. எல்லா அறையும் பார்த்தாக வேண்டுமே என்றார். அவன் கதவை மெதுவாகத் திறந்தான்.

தைல வாடை. ஒரு கட்டில். நடுவில் குழிந்த தலையணை.

கட்டிலில் யாரும் இல்லை.

கொல்லைப்பக்கம் போயிருப்பாள் என்று நினைத்தார். அந்த அறைக்கு வேறு கதவே கிடையாது.

இருமல் கேட்டது.

கட்டிலிலிருந்து.

பக்கிரிசாமி போய்த் தலையணையைச் சற்று உயர்த்தி வைத்தான். இருமல் தணிந்தது.

பழனியப்பன் வெளியே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு இராஜம்மா, அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அந்தப் பொண்ணு ஆடிப்பெருக்கு அன்னிக்கே போயிடுச்சுண்ணே. எரிச்சாச்சு. இவருதான் இன்னும் கஞ்சி வச்சுக்கிட்டு இருக்காரு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். கேட்ட மறுநாளே வந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளோ மாட்டாளோ, ரயிலாவது ஏறியிருப்பாள். பழனியப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கிரிசாமி படியிறங்கி வந்தான்.

"மதிப்புப் போட்டாச்சுங்களா, செட்டியாரே?"

பேய் குடியிருக்கிற வீட்டுக்கு எந்தக் கடையும் காலணா தராது. அவர் கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் தாழ்ந்த குரலில், "இனிமே எதுக்குப்பா பணம்?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்களா? கொள்ளி வச்சவன் நாந்தானே. ஆனா அவ இன்னும் இருமுறாளே. அதைக் கேட்டுக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? ஆடியும் கழிஞ்சிடுச்சுங்களே."

கடையில் பழனியப்பன் இருமலைப் பற்றி மூச்சுவிடவில்லை. நல்ல வீடு என்றார், முழு மதிப்பும் சொன்னார். அடுத்த வாரம் ஒரு காலையில் பணத்தையும் தாமே கொண்டுபோனார்.

ரயிலடிக்குப் போக வாசலில் ரிக்‌ஷா நின்றது. பக்கிரிசாமி எதையோ இரு கைகளிலும் ஏந்தியவன் போல, கதவு இடிக்காமல் ஒருக்களித்து வெளியே வந்தான். இருக்கையில் வைத்துப் போர்வையால் போர்த்தினான். போர்வை தட்டையாகக் கிடந்தது. ரிக்‌ஷாக்காரச் சீனன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"கதவைப் பூட்டிட்டு வந்துடறேன். கொஞ்சம் புடிச்சுக்குங்க செட்டியாரே, சாஞ்சிடுவா."

அவன் மனம் நோகக் கூடாதென்று பழனியப்பன் வெறும் இருக்கையின் மேல் கையை நீட்டினார்.

பூட்டுக்குள் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

நீட்டிய கையின் மேல் ஒரு தலை சாய்ந்தது. காய்ச்சலில் கொதித்தது.