நான்காவது கதவு

நான்காவது கதவுக்குள் தூசி இல்லை.

மற்ற மூன்று கதவுகளின் பேட்டைக் கழற்றியபோது ஐம்பது வருஷத்து அழுக்கு அவன் மடியில் கொட்டியது. காய்ந்து கெட்டியான கிரீஸ், துருத்துகள், செத்த கரப்பான், பல் உடைந்த ஒரு சீப்பு. பழைய கார் என்றால் அப்படித்தான். பேட் என்கிற, கதவின் உட்புறத்தை மூடும் அந்த ரெக்சின் ஒட்டிய அட்டைக்குப் பின்னால் யாரும் போய்ப் பெருக்குவதில்லை. ஆனால் பின் இருக்கையின் இடப்பக்கக் கதவு மட்டும் ஆள் குடியிருக்கும் வீடு மாதிரி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தகரத்தில் லேசான ஈரம். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு, கூடவே தூங்கி எழுந்த வாயின் வாடை.

எல்லோரும் அவனைக் குஷன் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் மனைவி மோட்டார் மிஷினில் ரெக்சின் தைப்பாள், இவன் கொட்டகையில் அதைக் காரில் பொருத்துவான். நாளைக் காலையில் கார்க்காரர் வந்து நிற்பார். சாப்பாட்டுக்கு முன்னால் இந்தக் கடைசிப் பேட்டை மாட்டியாக வேண்டும், கதவுக்குள் ஏன் ஈரம் என்று ஆராய நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் ஆராயப் பிடிக்கவில்லை.

புது அட்டை, மேலே மெல்லிய ஸ்பாஞ்சு, அதற்கு மேல் சிவப்பு ரெக்சின். விளிம்பில் பன்னிரண்டு கிளிப். ஒவ்வொன்றையும் துளைக்கு நேரே வைத்துக் கைமுஷ்டியால் ஒரு தட்டு தட்டினால் டக்கென்று உட்கார்ந்துவிடும். பேட் சரியாக இருக்கிறதா என்பது கதவு திறந்திருக்கும்போது தெரியாது, உள்ளே உட்கார்ந்து சாத்திப் பார்த்தால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும். கதவுகளின் கைப்பிடிகளும் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகளும் முலாம் பூசப் போயிருந்தன. அதனால் சாத்துவதற்கு முன் பூட்டின் வாயில் ஒரு துணிச்சுருளைத் திணித்துவிடுவான், பூட்டு விழாது. இருபது வருஷப் பழக்கம் அது. இன்றைக்கு அந்தத் துணியால் கதவின் ஈரத்தைத் துடைத்திருந்தான்.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினான். பூட்டு விழுந்த பிறகுதான் துணி தன் தோளில் கிடப்பது தெரிந்தது.

சிரித்தான். மனைவிக்குத் தெரிந்தால் ஒரு மாதத்துக்கு ஓட்டித் தள்ளுவாள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன, பெயிண்டர் அவற்றின் மேல் செய்தித்தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். பழுப்பு வெளிச்சம் மட்டும் கசிந்தது. பேட்டரி இல்லை, ஹாரன் அடிக்க வழியில்லை. போனோ தையல் மிஷின் மேஜையில். மிஷின் ஓடும்போது கூரை இடிந்து விழுந்தாலும் அவள் காதில் விழாது, அது நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தகரக் கூரையின் மத்தியான வெயில் காருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, பசை வாடை மூக்கை அரித்தது, சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணாடியை உதைத்துப் பார்த்தான். செருப்பு வெளியே கிடந்தது, வெறுங்குதிகால் வலித்ததுதான் மிச்சம்.

இன்னொரு வழி இருந்தது. மற்ற மூன்று கதவும் சாத்திக் கிடந்தன, அவற்றின் பேட்டையும் திருகாணி போட்டு முறுக்கியாகிவிட்டது, இது ஒன்றுதான் வெறும் கிளிப்பில் நிற்கிறது. இதைக் கழற்றி உள்ளே கைவிட்டால் பூட்டின் கம்பி எட்டும். விளிம்பில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். கீழ்க் கிளிப் கழன்றது.

அது திரும்ப உள்ளே போனது. டக்.

அவன் தட்டவில்லை.

மறுபடி இழுத்தான். அரை விரல் அளவு வந்தது. பின்னால் இருந்து யாரோ பிடித்து, அவசரமே இல்லாமல், தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். தகரத்துக்கும் அட்டைக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் உண்டு. அதில் ஒரு பூனைகூட நுழைய முடியாது. அவனுக்குப் பயமாக இருந்தது. சின்ன வயதில்கூட இப்படிப் பயந்ததில்லை.

மிஷின் நின்றது.

செருப்புச் சத்தம் கொட்டகை வாசல்வரை வந்தது. சாப்பிட வரவில்லையா என்று கேட்டாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

“நீ சாப்பிடு. கதவ மட்டும் தொறந்துடாத, பசை காயணும். நான் தட்டித் தட்டி உட்கார வச்சிட்டிருப்பேன்.”

பேட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது அது. அவன் குரல். காலையிலிருந்து தொண்டையில் இருந்த கரகரப்பு உட்பட.

கத்தினான். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினான். காற்று. கூரையைக் குத்தினான், கண்ணாடியைக் குத்தினான், விரல் முட்டி கிழிந்து செய்தித்தாள் வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது.

“மெதுவாத் தட்டுங்க, புது கிளிப் உடைஞ்சிடப் போகுது,” என்றாள் அவள். “நானும் மிச்சத்தத் தைச்சு முடிச்சிட்டே சாப்பிடுறேன்.”

“சரிம்மா,” என்றது கதவு.

செருப்புச் சத்தம் விலகியது. மிஷின் ஓட ஆரம்பித்தது.

அவன் இருக்கையின் மறு ஓரத்துக்கு ஒதுங்கினான். அந்தப் பக்கக் கதவும் சாத்தியிருந்தது. முதுகு இடித்தது. இனி நகர இடமில்லை.

சிவப்பு ரெக்சினின் நடுவில் ஒரு புடைப்பு. உள்ளங்கை அளவு. பிறகு முக அளவு. மூக்கு வருகிற இடத்தில் ரெக்சின் உள்வாங்கியது. உப்பியது. உள்வாங்கியது.

கீழ்க் கிளிப் கழன்றது.

அடுத்தது.

அடுத்தது.

பக்கத்து அறையில் மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டுக்குப் பின்னாலிருந்து, அவன் மனைவியின் குரல், விளக்கணைத்த பிறகு அவனிடம் மட்டும் பேசும் அந்தத் தணிந்த குரல், கேட்டது.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

பன்னிரண்டாவது கிளிப்பும் கழன்று, பேட் அவன் முழங்காலில் சாய்ந்தது.