அவள் குரல் மட்டும் தெளியவில்லை

கோழி கொக்கரிப்பது கேட்டது. கமுதி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புவது கேட்டது. தண்ணீர்க் குடத்தை யாரோ தரையில் இறக்கிவைப்பதும், உள்ளே தண்ணீர் தளும்பி அடங்குவதும்கூடச் சுத்தமாகக் கேட்டன. சேதுலட்சுமியின் குரல் மட்டும் தெளியவில்லை. ஒரு வார்த்தையும் பிடிபடாமல் தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவிலேயே உருண்டுகொண்டிருந்தது.

பூமிநாதன் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தான். ஐப்பசியில் போய்ச்சேர்ந்த மனைவி, அதற்கு முந்தின கோடையில் சவுதியிலிருந்த தம்பிக்குப் பேசி அனுப்பிய கேசட் அது. அந்தப் பக்கத்தில் அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். எழுத வராதவர்கள் கேசட்டில் பேசி, ஊரிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். துக்கத்துக்கு வந்த தம்பி உக்கிரபாண்டி கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். கூடவே, அங்கே தான் வைத்திருந்த, கேசட்டின் சத்தத்தைத் தூக்கிக்கொடுக்கும் பிரீ ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும்.

"பாதிக் கேசட்டு உங்களப் பத்தித்தான் மச்சான்" என்றான். "உங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாம இருந்ததெல்லாம் சொல்லியிருக்கு. நான் சொன்னா நல்லாருக்காது, அது வாயாலயே கேளுங்க. அங்கன தெளிவாத்தான் கேட்டுச்சு."

லீவு முடிந்து அவன் போய்விட்டான். பூமிநாதனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டினவளிடம் 'சோறு வை', 'தண்ணி கொண்டா' என்பதைத் தாண்டி நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினவனா அவன்? இருந்தவரைக்கும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இப்போது அவள் தன்னைப் பற்றி என்ன சொன்னாள் என்று தெரியாமல் கிடந்து தவித்தான்.

அபிராமம் கடைத்தெருவில் ரேடியோ கடை வைத்திருந்த சலாஹுதீன், பூமிநாதன் வீட்டு மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே சம்மணமிட்டு வயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த, ஸ்பீக்கரை ஒலிக்கவைக்கும் பவர் ஆம்ப்ளிஃபயர் அவர் கையால் பூட்டியது. ஈயம் உருகும் புகையும் மிளகாய் நெடியும் சேர்ந்து மூக்கை அறுத்தன.

"கேசட்டு மேல பழி இல்லண்ணே" என்றார். "சவுதிப் பெட்டி மெல்லிசாக் கொடுக்குது. நம்ம பவர் ஆம்ப்ளிஃபயர் மடக்கு மடக்குனு இழுக்குது. கொடுக்குறதும் வாங்குறதும் ஒத்துப்போகலைன்னா சத்தம் அமுங்கத்தான் செய்யும். புருசன் பொண்டாட்டி மாதிரிதான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்படின்னா கோழி மட்டும் எப்படி பாய் அமுங்கல?"

சலாஹுதீன் இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு சின்ன போர்டைச் சேர்த்தார். நீள வயரை வெட்டிக் குட்டையாக்கினார். சோதிப்பதற்குத் தன் பையிலிருந்து, மகள் குர்ஆன் ஓதிப் பதிந்த கேசட்டைப் போட்டார். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஓதுவது போல இருந்தது. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது.

பிறகு சேதுலட்சுமியின் கேசட்டைப் போட்டார்.

இப்போது எதிர்வீட்டு வாசல் கூட்டும் சத்தம்கூட வந்தது. அவள் குரல் முன்னைவிடப் பெரிதாக, முன்னைவிட அடைத்துக்கொண்டு வந்தது. சலாஹுதீன் வால்யூமைக் குறைத்தார். அது குறையவில்லை.

"செட்டு பொருந்திருச்சுண்ணே. இதுக்கு மேல என் கையில இல்ல" என்று எழுந்தார். "அசர் தொழுகைக்கு நேரமாச்சு. நீங்க இத அமத்திட்டு வெளிய வந்து உக்காருங்க. சொல்றதக் கேளுங்க."

பற்றவைப்புக் கோலை எடுக்காமலே போய்விட்டார்.

பூமிநாதன் அமத்தவில்லை. மாசி வெயில் சன்னல் வழியாக மூட்டைகளின் மேல் விழுந்து கிடக்க, முற்றத்தில் காயும் மிளகாய் வெடித்து விதை சலசலக்க, அவன் காதை ஸ்பீக்கர் துணியோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவள் நாக்கு எதையோ இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கப் பார்ப்பதையும், முடியாமல் திணறி மூக்கால் மூச்சு இழுப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தான். பல் அரைபடும் சத்தம். நறநறவென்று. ஈரத்தில் ஊறிய பச்சரிசி.

வாய்க்கரிசி.

முதல் பிடி அவன்தான் போட்டான்.

டக்கென்று பட்டன் தெறித்தது. நாடா முடிந்து கேசட் நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை.

"துப்பிரு" என்றான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "துப்பிரு சேது. தாயே, துப்பிரு."

துணி புடைத்தது. நகத்தால் கிழித்தான். அரிசி சரிந்து மடியில் விழுந்தது. சில்லென்று. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு இருக்க வேண்டிய இடத்தில் உதடு இருந்தது. விரலை உள்ளே விட்டான். எடுத்தான். எடுக்க எடுக்க வந்தது. ஈறு தட்டுப்பட்டது. பல் தட்டுப்பட்டது. அவள் கடிக்கவில்லை. பிள்ளைக்கு வாய் துடைப்பவன் மாதிரி, அழுதுகொண்டே, கடைவாய் வரைக்கும் வழித்தெடுத்தான்.

"ஏங்க."

அவள்தான். அடைப்பில்லை. கரகரப்பில்லை. அவளேதான்.

"சொல்லு" என்று விம்மினான். "என்னையப் பத்தி என்னமோ சொன்னியாமே. திட்டுனாலும் பரவால்ல. சொல்லு."

"குழியில தண்ணி நிக்குதுன்னு வெரசா மூடிட்டீங்க. என் கால்கட்ட அவுக்கவே இல்ல."

ஆமாம். யாரும் அவிழ்க்கவில்லை. செத்தவர்களின் கால்கட்டை, மண்ணைத் தள்ளுவதற்கு முன் அவிழ்த்துவிட வேண்டும். கொட்டுகிற மழையில் எல்லோரும் மறந்துபோனார்கள். அவனும்.

"உங்களப் பத்தி இருக்கு, நெறைய இருக்கு. நேர்ல சொல்றேன். அவுத்து விடுங்க. வீட்டுக்கு வாரேன்."

பெட்டிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இருட்டில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து இறுக்கிய வெள்ளைத் துணி. சேறு. தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் கிடந்தது.

ஈர முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. பூமிநாதன் தரையில் குப்புறப் படுத்து அதைப் பல்லால் கடித்து இழுத்தான். துணி இளகியது. அவன் முகத்துக்கு நேராக, மண் அப்பிய பத்து விரல்களும் மெதுவாக விரிந்தன.