உடைவதற்கென்று ஒரு கை

அன்று மத்தியானம் நிரோஷன் ரிமோட்டைத் தங்கையின் கையில் கொடுத்தான்.

"நீ ஓட்டு. நான் பாக்குறேன்."

சிவப்பு நிறக் குட்டி லொறி. ஒரு முழ நீளம் இருக்கும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை பார்த்தபோது யாரிடமோ பழையதாக வாங்கியது. லீவுக்கு வரும்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஓட்டுவான். சுலக்ஷனா விசையை அழுத்தினாள். லொறி பாய்ந்து போய்த் தண்ணீர்க் குழாயின் சிமெந்துக் கட்டில் மோதியது. நாலு சில்லில் முன்னது ஒன்று சாய்ந்து தொங்கியது.

"உன் லைசன் கேன்சல்" என்று நிரோஷன் சிரித்தான். லொறியை எடுத்துப் போய் அலுமாரி மேல் வைத்தான். மழை பலத்துவிட்டது. லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் அடைத்துக்கொண்டதாக யாரோ கூப்பிட்டார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

"வந்து பாக்குறேன்" என்றான். லொறியைத்தான் சொன்னான்.

அன்று பின்மலை சரிந்தது. அவனை மறுநாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

அது நவம்பர் மாதம். அடுத்த செப்டம்பரில் ஒருநாள், ஹற்றனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் சுலக்ஷனா நின்றுகொண்டிருந்தாள். ஹற்றனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பிரேம் காட்டுவது, முகத்துக்கு அளவெடுப்பது, மூக்கில் அழுத்தினால் வளைத்துக் கொடுப்பது. அன்று வேலை முடிந்ததும் லொறியைப் பையில் போட்டுக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கியிருந்தாள். போன் திருத்துகிறவர் கையை விரித்தார். விளையாட்டுச் சாமான் கடைக்காரர், "புதுசு வாங்கிருங்க மிஸ்" என்றார்.

வெளியே மழை சாய்வாகப் பெய்தது. கண்டக்டர் சிங்களத்தில், "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லோரையும் முன்னால் தள்ளினான். சுலக்ஷனா நகர்ந்தாள். பை நகரவில்லை.

"ஒரு நிமிசம்… உங்க லொறி என் ஜேர்சியக் கவ்வியிருக்கு."

திரும்பினாள். உயரமான ஒருவன். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சில்லு அவனுடைய நீலக் கம்பளிச் சட்டையின் நூலில் சிக்கியிருந்தது.

"இழுக்காதீங்க!" என்றாள்.

"நான் எங்கங்க இழுக்குறேன்? அதுதான் இழுக்குது."

"ஏற்கனவே உடைஞ்சிருக்கு. இன்னும் உடைச்சிராதீங்க."

"என் ஜேர்சி கிழிஞ்சா பரவாயில்லையா?"

"ஜேர்சியப் பின்னிக்கலாம்."

அவன் சிரித்தான். நூலை மெதுவாகச் சில்லிலிருந்து கழற்றினான். பிறகு அனுமதி கேட்காமலே லொறியை வெளியே எடுத்து, கையை நன்றாக நீட்டி, தூரத்தில் பிடித்துப் பார்த்தான். கண்களைச் சுருக்கினான். எதையோ படிக்க முயல்கிற கண்கள்… அப்படிப்பட்ட கண்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனாலும் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

"எதையும் இப்படிக் கை நீட்டித்தான் பாப்பீங்களா?"

"ஏன்?"

"உங்களுக்குக் கண்ணாடி வேணும்."

"எனக்கா? நான் தேயிலைப் பெக்டரில மெஷின் பிட்டர். ரெண்டு கண்ணும் கழுகு மாதிரி."

"கழுகுக்கும் தூரத்துலதான் தெரியும்."

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டார். அவனுக்குக் காது சிவந்தது. லொறியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினான். உடலையும் சில்லையும் இணைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு நடுவில் முறிந்திருந்தது. மேடு பள்ளத்தில் சில்லோடு சேர்ந்து ஏறி இறங்குவது அதுதான்.

"சஸ்பென்சன் கை. இத ஒட்டுனா நிக்காது. புதுசாச் செஞ்சுதான் போடணும்."

"உங்களால முடியுமா?"

"முடியும்."

"நவம்பர் இருபத்தேழுக்குள்ள வேணும். எங்க அண்ணனோடது. அன்னைக்கு அவனுக்கு வருசப் படையல்."

அவளே தொடர்ந்தாள். இறந்தவன் ஆசைப்பட்டதையெல்லாம் இலை முன்னால் வைக்க வேண்டும். உடைந்த சாமானை வைப்பது ஆகாது. சரியாகாவிட்டால் அவனுடைய உடுப்புகளோடு சேர்த்து ஆற்றில் விட்டுவிடப்போவதாக அம்மா சொல்லிவிட்டார். உடைத்தது தான்தான் என்பதையும், அண்ணன் அதற்குச் சிரித்ததையும் சொன்னாள். அதை ஏன் முன்பின் தெரியாத ஒருவனிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இனிமே அது உடையவே கூடாது" என்றாள். "எவ்வளவு மோதினாலும்."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்க" என்றான். "உடையாது."

அவன் பெயர் விஜிதரன். மஸ்கெலியா தாண்டி இரண்டாவது ஹோல்ட்டில் இறங்கினான். லொறி அவனோடு போனது. நனைந்த கண்ணாடி வழியாக அவள் பார்த்தபோது, அதை ஜேர்சிக்குள் வைத்து மூடிக்கொண்டு ஓடினான்.

*

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாளாவது அதே பஸ்ஸில் அவன் இருந்தான். ஆலை வேலைக்காரனுக்கு ஹற்றனில் அத்தனை அலுவல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை. அவன் லொறிக் கைக்கு அளவெடுத்த கதையைச் சொல்வான். அவள் கடைக்கு வந்தவர்களின் கதையைச் சொல்வாள்.

"எங்க பெக்டரி டீமேக்கருக்கு அம்பது வயசு" என்றான் ஒருநாள். "கண்ணாடி போட்ட அன்னைக்குத்தான் அவரு சம்சாரத்தோட முகத்தச் சரியாப் பாத்தாராம்."

"பாத்துட்டு என்ன சொன்னாராம்?"

"கண்ணாடியக் கழட்டிட்டாராம்."

அவள் சிரித்தாள். பத்து மாதமாகப் பஸ்ஸில் சிரித்ததில்லை. சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு காலை, அவள் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் அவன் லொறியைக் கொண்டுவந்து வைத்தான். புதிய கை அலுமினியம். தானே வெட்டி, துளையிட்டு, அரம் போட்டு மினுக்கியிருந்தான். வெள்ளிக் காப்பு மாதிரி பளபளத்தது.

"ஓட்டுங்க."

"நானா? வேணாம்…"

"நீங்கதான் ஓட்டணும்."

அவள் ஓட்டினாள். ஈரப் புல்லில் லொறி துள்ளித் துள்ளிப் போனது. வளைத்தாள், வளைந்தது. இன்னொரு சுற்று. விசையை இன்னும் கொஞ்சம்… கோல் போஸ்டின் இரும்புக் குழாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

ஓடிப்போய்த் தூக்கினாள். அலுமினியக் கையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அது பூட்டப்பட்டிருந்த இடத்திலிருந்து லொறியின் உடல் பாதி வரை பிளந்திருந்தது.

"உடையாதுன்னு சொன்னீங்களே!"

"கை உடையலையே…" என்றான் விஜிதரன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான பதில் என்று விளங்கியது.

"முன்ன ஒரு கைதான் போயிருந்துச்சு. இப்ப அண்ணனோட லொறியே போச்சு." அவள் குரல் உயரவில்லை. "இனிமே நீங்க இதத் தொட வேணாம்."

லொறியை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறிப் போனாள். தன் கைதான் இரண்டாவது முறையும் விசையை அழுத்தியது என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அவன் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

*

மூன்று வாரம் அவள் முந்திய பஸ்ஸைப் பிடித்தாள். கடையில் பொய் சொல்லிப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பினாள். லொறி மறுபடி அலுமாரி மேல் இருந்தது. அம்மா நாகலெட்சுமி அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகனின் உடுப்புகளை மடித்துக் கட்டிய மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

படையலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது விஜிதரன் கண்ணாடிக் கடை வாசலில் நின்றான். நல்ல மழை. குடை இல்லை.

"உள்ள வாங்க. ஆளுங்க பாக்குறாங்க."

"ரெண்டு நிமிசம். சொல்லிட்டுப் போயிர்றேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எங்க தேயிலை காயவைக்கிற டிரையர் செயின்ல ஒரு சின்ன ஆணி இருக்குங்க. மட்டமான ஆணி. எங்கயாவது சிக்குனா மொதல்ல அதுதான் உடையும். உடைஞ்சா செயின் நிக்கும், மெஷின் தப்பிச்சிரும். புதுசா வந்த பசங்க அந்த இடத்துல பலமான ஆணி போட்டா, எங்க போர்மன் அடிக்க வருவாரு. உங்க லொறிக்கு அந்தக் கையும் அப்படித்தான். உடையணும்னுதான் அத பிளாஸ்டிக்ல செஞ்சிருக்கான்."

அவள் அவனையே பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பஸ்ஸுலயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க உடையவே கூடாதுன்னீங்க. அந்த நேரம் உங்க கண்ணு…" நிறுத்தினான். "முடியாதுன்னு சொல்ல வாய் வரல. என் தொழில்ல எனக்குத் தெரிஞ்சதயே மறந்த மாதிரி நடிச்சுட்டேன். அதுதான் என் தப்பு. மத்தபடி நீங்க ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்லீங்க. அப்பவும் சரி… அண்ணன் இருந்தப்பவும் சரி. அன்னைக்குக் கை உடைஞ்சதாலதான் லொறி தப்பிச்சது. உங்க அண்ணன் சிரிச்சதாச் சொன்னீங்களே, அவருக்கு அது தெரிஞ்சிருக்கும்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுலக்ஷனா கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

ஒன்பது நாள் எடுத்தது. பிளந்த உடலுக்கு உள்பக்கமாக மெல்லிய தகடு வைத்துக் கம்பியால் தைத்தான். புதிய கையை ஆலையில் கழித்துப்போட்ட நைலோன் துண்டிலிருந்து வெட்டினான். பால் நிறம், பார்க்க அழகில்லை. விரலால் அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. பஸ் ஹோல்ட்டில் வைத்து அவளிடம் நீட்டினான்.

"இது உடையும்" என்றான். "முன்கூட்டியே சொல்லிட்டேன். அச்சு வெட்டி வச்சிருக்கேன். எத்தனை தடவ உடைஞ்சாலும் செஞ்சு தர்றேன்."

"எத்தனை தடவன்னா?"

"நீங்க ஓட்டுறதப் பாத்தா… ஆயுசுக்கும் வேலை இருக்கும்போல."

அவள் குனிந்து சில்லைச் சுற்றினாள். கன்னம் சுட்டது.

"வருசம் முடியிற வரைக்கும் எங்க வீட்டுல யாரும் எந்த நல்ல காரியப் பேச்சும் எடுக்க மாட்டாங்க" என்றாள்.

"நான் எந்தப் பேச்சும் எடுக்கலையே…"

"எடுக்காதீங்கன்னுதான் சொல்றேன்."

*

இருபத்தேழாம் திகதி விளக்கு வைக்கும் நேரத்தில் படையல். கோழிக்கறி, அவித்த முட்டை, நிரோஷனுக்குப் பிடித்த, மீன் அடைத்த மாலு பாண், ஒரு போத்தல் நெக்டோ சோடா. அம்மா எல்லாவற்றையும் இலையில் வைத்த பிறகு லொறியைக் கையில் வாங்கினார். நாலு சில்லையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பார்த்தார். முன் சில்லை அழுத்தினார். கீழே போய் மேலே வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு இலைக்கு வலப்பக்கம் வைத்தார்.

"யாரு செஞ்சது?"

"பெக்டரிப் பிட்டர் ஒருத்தரு."

"நல்லா செஞ்சிருக்கான்" என்றார் நாகலெட்சுமி. சூடம் கொளுத்தினார். அழவில்லை; அழுது முடித்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பின் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்தத் தம்பிக்கு ரெண்டு வடை கட்டி வைக்கிறேன். குடுத்துரு" என்றார். சற்றுப் பொறுத்து, "வருசம் முடிஞ்சிருச்சு பிள்ள" என்றார்.

நாலு நாள் கழித்து விஜிதரன் கடைக்கு வந்தான். தானாகவே கண்ணைப் பரிசோதிக்கச் சொன்னான். டொக்டர் எழுதிய துண்டோடு அவள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"கழுகு வந்துருச்சு" என்றாள் சுலக்ஷனா.

"நைலோன் வெட்டும்போது கோடு தெரியல. ரெண்டு துண்டு வீணாப் போச்சு. அப்புறந்தான் புத்தி வந்துச்சு."

லென்ஸ் வெட்ட ஓர் அளவு வேண்டும். இரண்டு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரம். எதிரே நேராக உட்கார்ந்து, சின்ன ஸ்கேலை அவன் மூக்கின் மேல் குறுக்காகப் பிடித்தாள். எத்தனையோ பேருக்கு எடுத்த அளவுதான்.

"என் இடது கண்ணப் பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"அசையாதீங்க."

அவன் கண்கள் இத்தனை கிட்டத்தில்… தேயிலைச் சாயம் மாதிரித் தெளிந்த பழுப்பு. இந்தத் தூரத்தில் தன் முகம் அவனுக்கு மங்கலாகத்தான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அது ஒரு தைரியம்.

"வருசம் முடிஞ்சு நாலு நாளாச்சு" என்றான். "இப்பப் பேசலாமா?"

"பேசுனா முகம் அசையும்."

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. பஸ்ஸுல 'சரிங்க'ன்னு சொன்னேனே, அப்பலருந்து."

ஸ்கேல் விலகியது. அவள் மறுபடி வைத்தாள்.

"வலது கண்ணப் பாருங்க."

"பதில் சொல்லுங்களேன்…"

"எனக்கும் பிடிச்சிருக்கு" என்றாள் சுலக்ஷனா, ஸ்கேலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோபமா இருந்த மூணு வாரமும் பிடிச்சிருந்துச்சு. போதுமா? இப்ப அசையாம இருங்க."

அவன் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. அவள் படித்தாள், சந்தேகத்துக்கு இன்னொரு தடவை படித்தாள்.

"அறுபத்து மூணு மில்லிமீட்டர்."

"அது கூடுதலா, குறைவா?"

"ரெண்டும் இல்ல. உங்களோட அளவு."

துண்டில் எழுதினாள். லென்ஸின் பவர் போகப்போக மாறும். பிரேம் உடையும், வேறு வாங்க வேண்டியிருக்கும். வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தூரம் மட்டும் மாறுவதில்லை.