சுறாத்தோல் பலகை

வடிவின் அம்மா இசக்கியம்மாளுக்கு நின்றால் இடுப்பு வலிக்கும். உட்கார்ந்தால் தூக்கம் வரும். அதனால் பகல் முழுவதும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் குத்தவைத்தே இருந்தாள்.

அவள் வேலையும் அப்படித்தான். தூத்துக்குடியில் காசிலிங்கப் பத்தர் என்று ஒருவர் நகை செய்துகொண்டிருந்தார். நகையை அரத்தால் அராவும்போது தங்கத்தூள் பறக்கும். தரையில் விழும், அடுப்புச் சாம்பலில் கலக்கும், வேட்டியில்கூட ஒட்டும். பத்தர் ஒரு பொடியையும் வீணாக்க மாட்டார். கை கழுவிய தண்ணீரைக்கூட தெருவில் கொட்டாமல் ஒரு பானையில் பிடித்துவைப்பார்.

அமாவாசை வந்தால் பட்டறைக்கு விடுமுறை. அன்று தரைத் தூசி, சாம்பல், பானை வண்டல் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, பத்துப் பன்னிரண்டு ஓலைப்பெட்டிகளில் போட்டு இசக்கியம்மாளிடம் கொடுப்பார். அவள் அதை மரவை என்ற அகலமான மரத்தட்டில் இட்டு, தண்ணீரில் ஆட்டி ஆட்டி அரிப்பாள். மண்ணும் கரியும் வழிந்து போகும். கனமான தங்கம் அடியில் நிற்கும். கிடைப்பதில் பாதி பத்தருக்கு, பாதி அவளுக்கு.

மாவு போன்ற மிக நுண்ணிய தூளைப் பிடிக்க மட்டும் ஒரு சொட்டுப் பாதரசம் வேண்டும். உலகச் சண்டை வந்த பிறகு அது கடையில் கிடைக்கவில்லை.

"பாதரசமும் பட்டாளத்துல சேந்துட்டு, தாயி" என்று கடை அண்ணாச்சி கையை விரித்துவிட்டார்.

அதிலிருந்து மூன்று மாதமாகத் தங்கம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் பத்தர் தம் பங்குப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன இசக்கி, போன வருசம் இதே பெட்டி மண்ணுல எவ்வளவு வந்துது? இப்ப அதுல பாதிகூட இல்லையே."

"பாதரசம் இல்ல, பத்தரையா. நைசுத் தூளு தண்ணியோட போயிருது."

"தண்ணியோட போவுதோ, மடியோட போவுதோ, யாரு கண்டா?"

இசக்கியம்மாள் மரவையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"வார அமாவாசையிலேருந்து மண்ணை வேற ஆளுக்குக் கொடுக்கப் போறேன். சொல்லலைன்னு இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பத்தர் போய்விட்டார்.

குடத்தோடு வாசலில் நின்ற வடிவு எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. முழுப் பெயர் சண்முகவடிவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், நான்கு வயதுத் தங்கை பகவதியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை.

"கள்ளின்னு சொல்லிட்டுப் போறாரு. நீ ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"ஏளா, அலுப்பா இருக்கு. சண்டை போடவும் தெம்பு வேணும்லா" என்றாள் அம்மா. அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

அப்பா பேச்சிமுத்து உப்பளத்திலிருந்து வெடித்த பாதங்களோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். "அப்படியா சொன்னாரு? நாளைக்கு நான் போயி அவரை..." என்று ஆரம்பித்தவர், வாக்கியம் முடியும் முன்பே சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனார்.

"அவரை என்ன செய்வாரு அப்பா?" என்று பகவதி கேட்டாள்.

"காலைல கேட்டுக்கிடலாம்" என்றாள் வடிவு.

அவள் மனது வேறு எங்கோ இருந்தது. அம்மா அரித்த தண்ணீரெல்லாம் கொல்லைக் குழியில்தான் விழும். தங்கம் தண்ணீரோடு போனது உண்மையென்றால் அது எங்கே போயிருக்கும்? குழியில்தான் கிடக்க வேண்டும். மூன்று மாதச் சேறு அப்படியே இருக்கிறது. அதிலிருந்து தங்கத்தை எடுத்துக் காட்டிவிட்டால் அம்மாவைக் கள்ளி என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் மரவை பிடிக்காத தூளை வேறு எது பிடிக்கும்?

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அரிசிப் பானைக்கு மூடியாகக் கிடந்த தேயிலைப் பெட்டிப் பலகையை வடிவு எடுத்தாள். ஒரு பக்கத்துக்குச் செங்கல் வைத்துச் சாய்த்தாள். மேலே சேற்றைப் போட்டு மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் மண் ஓடிவிடும். பலகையின் மேல் எதையாவது விரித்தால் தூள் அதில் தங்கிவிடும். எதை விரிப்பது என்பதுதான் கேள்வி.

பரீட்சை செய்து பார்க்கத் தங்கத்துக்கு எங்கே போவது? பாத்திரப் பட்டறையில் கெஞ்சி ஒரு பிடி பித்தளைத் தூள் வாங்கி வந்தாள். பித்தளை தங்கத்தைவிட லேசு. லேசான பித்தளையே நின்றுவிட்டால் கனமான தங்கம் கட்டாயம் நிற்கும். ஒரு தேங்காய்ச் சிரட்டைக் கடல் மணலுக்கு அரைக் கரண்டித் தூள் என்று அளந்து கலந்துகொண்டாள்.

வெறும் பலகையில் ஊற்றினாள். எல்லாம் ஓடிவிட்டது.

சும்மா கிடந்த தன் சிலேட்டை வைத்தாள். அதிலும் வழுக்கிக்கொண்டு போயிற்று. "சிலேட்டு சறுக்கு விளையாடுது" என்று பகவதி கைதட்டினாள்.

சாக்கை விரித்தாள். சாக்கு எதையும் விடவில்லை. பித்தளை, மணல், பகவதி தின்ற பொரிகடலைத் தோல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. பிடித்ததைத் திருப்பித் தரத்தான் மறுத்தது. எவ்வளவு உதறினாலும் தூள் சணலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டது.

சைக்கிள் கடையில் கேட்டு ஓட்டை டியூப் துண்டு வாங்கி வந்தாள். ரப்பரின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. தூள் முத்தின் மேல் ஏறிச் சவாரி செய்து இறங்கிப் போனது.

கோரைப்பாய்த் துண்டு கொஞ்சம் பரவாயில்லை. பாதி நின்றது. ஆனால் தண்ணீரில் ஊறிக் கோரை உப்பியதும் அந்தப் பாதியும் கிளம்பிவிட்டது.

அப்பாவின் கம்பளி நினைவு வந்தது. அதன் மயிர் நன்றாகப் பிடிக்கும் என்று தோன்றியது. கொடியிலிருந்து எடுத்து, கத்தரிக்கோலையும் கையில் எடுத்தாள். விடியும் முன்பே அப்பா அதைப் போர்த்திக்கொண்டுதான் உப்பளத்துக்கு நடப்பார். அவள் அதை மடித்துத் திரும்பக் கொடியிலேயே போட்டாள்.

ஒவ்வொரு தடவைக்கும் ஆறு குடம் தண்ணீர். கிணறு தெருக்கோடியில் இருந்தது. ஐந்து நாளில் வடிவின் தோள் அம்மாவின் தோளைப் போலவே ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

ஆறாம் நாள் அம்மா அவளை மீன் வாங்கத் திரேஸ்புரத்துக்கு அனுப்பினாள். அங்கே கருவாடு போடும் செபஸ்தியம்மாள் மீன் வெட்டும் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பட்டை இருந்தது.

"அது என்ன சித்தி?"

"சுறாத்தோலு. தச்சாசாரிமாரு மரம் தேய்க்க வாங்கிட்டுப் போவாங்க. உப்புத்தாளெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. தடவிப் பாரு."

வடிவு தடவினாள். சொரசொரவென்று ஆயிரம் சிறு பற்கள் விரலைப் பிடித்தன. அவள் மனதில் பலகை வந்து நின்றது.

"எனக்கு இதுல ஒரு முழம் வேணும், சித்தி."

"ஏன், கல்யாணத்துக்குப் பாவாடை தைக்கப் போறியா?" என்று செபஸ்தியம்மாள் சிரித்தாள். "சும்மா தர மாட்டேன். அங்கன காயுற கருவாட்டையெல்லாம் திருப்பிப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ."

வெயில் இறங்கும்வரை வடிவு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். வீட்டுக்கு வந்தபோது பகவதி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, நீயும் கருவாடு ஆயிட்டியா?" என்று கேட்டாள்.

மறுநாள் தோலைப் பலகையில் விரித்து ஓரங்களில் ஆணி அடித்தாள். எந்தப் பக்கம் தலை என்று செபஸ்தியம்மாள் காட்டியிருந்தாள். மீன் என்றால் ஓட்டத்தை எதிர்த்துத்தானே நீந்தும்? அதனால் தலைப்பக்கத்தை மேலே வைத்தாள். மணலைப் போட்டாள். தண்ணீர் ஊற்றினாள்.

எல்லாம் ஓடிவிட்டது. கோரைப்பாய் அளவுக்குக்கூட ஒன்றும் நிற்கவில்லை.

வடிவு செங்கல் மேல் உட்கார்ந்தாள். அழலாம் என்று நினைத்தாள். அதற்கும் தெம்பு இல்லை. அம்மா கொல்லைப் பக்கம் வருவதற்குள் மீன் வாடையையாவது போக்குவோம் என்று, வெறுங்கையால் தோலைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். கை மேலிருந்து கீழே எண்ணெய் தடவியதுபோல இறங்கியது. கீழிருந்து மேலே ஏறியபோது சுரீர் என்றது. உள்ளங்கையில் தோல் உரிந்து, புள்ளி புள்ளியாக இரத்தம் கசிந்தது.

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுறா முன்னால் நீந்தும்போது தண்ணீர் தலையிலிருந்து வாலுக்குப் போகும். அது தடைபடாமல் ஓடத்தான் அந்தச் சிறு பற்கள் எல்லாம் வால் பக்கம் படுத்திருக்கின்றன. தலையை மேலே வைத்தால் தங்கமும் தடைபடாமல்தானே ஓடும்?

ஒரு கல்லால் ஆணிகளை நெம்பி எடுத்தாள். தோலைத் திருப்பி, வால் மேலேயும் தலை கீழேயுமாக அடித்தாள். இன்னும் ஆறு குடம் தண்ணீர் எடுத்து வந்தாள்.

இந்தத் தடவை மணல் போயிற்று. பித்தளை போகவில்லை. தோலின் மேற்பகுதியில் மஞ்சளாகக் கோடு கோடாக நின்றது. தலைப்பக்கம் மேலே வரும்படி பலகையைத் திருப்பி ஒரு செம்பு தண்ணீர் விட்டாள். பிடித்துவைத்த தூள் முழுவதும் தட்டில் வந்து விழுந்தது. அளந்து பார்த்தாள். போட்ட அரைக் கரண்டியில் ஏறக்குறைய எல்லாமே இருந்தது.

அம்மாவிடம் காட்டினாள். அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா குழியிலேருந்து எடுத்தேன்னு சொன்னா நம்புவாரா? மடியிலேருந்து எடுத்துக் காட்டுதேன்னு சொல்லுவாரு."

வடிவு அன்று முழுவதும் அதை யோசித்தாள். மறுநாள் தானே பத்தரின் பட்டறைக்குப் போனாள். உள்ளே கூப்பிடப் பயந்து, அவர் தலை நிமிரும்வரை படியருகே நின்றாள்.

"என்ன பிள்ளே?"

"எங்க வீட்டுக் குழியிலேருந்து ஒரு பெட்டி சேறு அள்ளித் தரணும், ஐயா."

"சேறா? நான் எதுக்கு அள்ளணும்?"

"நாங்க அள்ளினா நீங்க நம்ப மாட்டீங்களே."

பத்தரின் சுத்தியல் நின்றது. அவர் மூக்கால் சிரித்தார். ஆனாலும் சாயங்காலம் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, குழிக்குள் இறங்கி, அடியிலிருந்து தாமே சேற்றை அள்ளினார்.

"ஐயா, ஒண்ணு சொல்லிடுதேன்" என்றாள் வடிவு. "இந்தப் பலகையில முன்னால பித்தளைத் தூளு ஓட்டிப் பாத்தேன். மூணு தடவை கழுவிட்டேன். இருந்தாலும் நீங்களும் கழுவிப் பாத்துக்கிடுங்க."

அம்மா அவளை முறைத்தாள். அதை ஏன் சொன்னாய் என்று அந்தப் பார்வை கேட்டது. பத்தர் பலகையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுவினார். ஒரு பொட்டு மஞ்சளும் வரவில்லை.

பிறகு சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையில் வைத்தார். வடிவு செம்பிலிருந்து தண்ணீரை நூலாக விட்டாள். கரி ஓடியது. மண் ஓடியது. பெட்டி காலியானபோது சாம்பல் நிறத் தோலின் மேல், மஞ்சள் பொடியில் வரைந்ததுபோல ஒரு மெல்லிய கோடு தெரிந்தது.

பத்தர் அதைத் தட்டில் வடித்து, உலர்த்தி, மடியிலிருந்து திராவகக் குப்பியை எடுத்தார். "பித்தளைன்னா பச்சையாப் பொங்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சொட்டு விட்டார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் பொங்கவில்லை. தூள் மஞ்சளாகவே கிடந்தது.

பத்தர் குழியைப் பார்த்தார். அதில் இன்னும் முப்பது பெட்டிச் சேறாவது இருக்கும். துண்டால் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மடின்னு சொல்லியிருக்கக் கூடாது, இசக்கி. என் வாயில வந்துட்டு. மனசுல வச்சுக்கிடாதே."

இசக்கியம்மாள் தலையை அசைத்தாள்.

"நாளைக்கு அமாவாசை. விடிஞ்சதும் வந்து மண்ணை எடுத்துட்டுப் போ. இனிமே வேற ஆளு கிடையாது."

"நாளைக்கு முடியாது, பத்தரையா."

"ஏன்?"

"மூணு மாசமா எனக்குத் தூக்கமில்ல. நாளைக்கு நான் தூங்கணும். மறுநா வாரேன்."

பத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சேறு படிந்த தம் கால்களைப் பார்த்துவிட்டு, "சரி, மறுநாளே வா" என்று சொல்லிப் போனார்.

விளக்கு வைக்கும் முன்பே அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுப் பாயை விரித்தாள். வடிவும் பக்கத்தில் போய்ப் படுத்தாள். உப்பளத்திலிருந்து வந்த அப்பா, "பத்தரை நாளைக்குப் போயி நான்..." என்று ஆரம்பித்தார். பகவதி உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்கப்பா, எல்லாம் முடிஞ்சிட்டு" என்றாள்.