இடுப்பில் ஒரு மேடு

“அய்யோ... என் புள்ள!”

பிணவறை வாசலில் அப்பா அலறிய அலறல், உள்ளே கம்ப்யூட்டர் திரையில் கண்ணைப் பதித்திருந்த டாக்டரம்மாவை உலுக்கியது.

மேஜையில் கிடந்தவன், மைதானத்தின் மாடிப்படியில் உருண்டு செத்தவன். நாடே கொண்டாடும் கால்பந்து வீரனின் இரட்டைத் தம்பி. அச்சு அசல் அதே முகம்!

“கால் தவறி விழுந்துட்டான்னு அண்ணன்காரன் சொல்றான். கேஸை மூடிடலாமா டாக்டர்?” இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

“தம்பி என்ன வேலை பார்த்தார்?”

“செருப்புக் கடை. பந்தைத் தொட்டதே இல்லையாம்.”

“அப்போ இங்க வந்து பாருங்க.”

திரையில் இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே.

“தொடை எலும்போட தலை உருண்டையா இருக்கணும் சார். அப்பத்தான் இடுப்புக் கிண்ணத்துக்குள்ள வழுக்கிக்கிட்டு சுத்தும். இங்க... தலையும் கழுத்தும் சேர்ற இடத்துல மேடு!”

“பிறவிக் கோளாறா?”

“வளர்ற வயசுல தினம் தினம் ஓடி, திரும்பி, உதைச்சா எலும்பு வளர்ற இடம் இழுபடும். உடம்பு அங்க கூடுதலா எலும்பைப் பூசிடும். ஆடாதவங்க சில பேருக்கும் இருக்கும். ஆனா இவ்வளவு பெருசா, ரெண்டு பக்கமும்... பெரிய ஆட்டக்காரங்ககிட்டதான் பார்த்திருக்கேன்.”

கொட்டாவி பாதியில் நின்றது!

“அப்போ செத்தது அண்ணன்! வெளியில கண்ணைக் கசக்கறவன்தான் தம்பி! ஆளைத் தீர்த்துட்டு அவன் இடத்துல உக்காரப் பார்க்கறான்!”

“அவரையும் ஒரு படம் எடுத்துடலாமே.”

வீரன் மறுக்கவில்லை. தளர்ந்த நடையில் வந்து எக்ஸ்ரே கட்டிலில் படுத்தான். அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

படம் திரையில் விழுந்தது.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்.

அதே மேடு!

“என்ன டாக்டர் குழப்பறீங்க? ரெண்டு பேருக்கும் இருந்தா...?”

“ரெண்டு பேருமே ஆடியிருக்காங்க சார்.”

அப்பா சுவரோடு சரிந்தார்.

“ஃபுட்பால் அகாடமியில ஒரு இடம்தான் குடுத்தாங்கம்மா. எந்தப் புள்ளைய வேணாம்னு சொல்ல? ஒரே பேர்ல மாத்தி மாத்தி அனுப்பினேன். ஒருத்தனுக்கு இடுப்பு வலிச்சா இன்னொருத்தன் இறங்குவான்...”

“நேத்து கோல் போட்டது யாரு?” டாக்டரம்மா மெல்லக் கேட்டார்.

வீரன் எழுந்து உட்கார்ந்து தலை குனிந்தான்.

“அவன்தான். ஊரே என் பேரைச் சொல்லிக் கத்துச்சு. படியில நின்னு அழுதான். ‘ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லுண்ணா’ன்னான். சொன்னா ரெண்டு பேருக்குமே ஆட்டம் போயிடும்னேன். அப்போ நானே சொல்றேன்னு கிளம்பினான்... தள்ளிட்டேன்.”

டாக்டரம்மா தம்பி கிடந்த மேஜையருகே போனார். தனக்கென்று ஒரு கைதட்டல்கூட வாங்காத அந்தக் கால்களைத் துணியால் மூடினார்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒருத்தன் போயிட்டான் சார்... இவனையாவது விட்டுடுங்க...”

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

“கிளம்புப்பா. இந்த மேட்ச் முழுக்க நீயேதான் ஆடணும். மாத்தி இறங்க ஆள் இல்ல!”