வெயில் படாமல்

அந்தக் காலையில் முதலில் குரலை உயர்த்தியது யார் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. எர்சிலியா என்றுதான் இத்தனை நாள் நம்பிவந்தேன். என் மாமியார் நெரினாவாகவும் இருக்கலாம்.

எங்கள் ஊரான ஃபெர்ராராவில் அப்போது கடும் கோடை. மாமியாரின் இடது கண்ணில் நடுப்பார்வை ஏற்கெனவே போயிருந்தது. மிஞ்சிய வலது கண்ணுக்காகக் கையில் மருந்தேற்றி, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி அனுப்பியிருந்தார்கள். சில நாட்கள் உடம்பில் வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும் என்றார் மருத்துவர்.

மாமியாரோடு அதே வீட்டில் இருந்த அவருடைய நாத்தனார் எர்சிலியா ஜன்னல்களின் சுருள் ஷட்டர்களைத் தரைவரை இறக்கினார். கோடையில் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அவர் அதோடு நிற்கவில்லை. மாமியார் அறையின் மேசை விளக்கிலிருந்து பல்பைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

மாமியார் தட்டைத் தடவிச் சாப்பிட்டார். கண்முன் இருக்கும் கறுப்பு அறையுடையதா, கண்ணுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஓரிரு நாள் கழித்து, அந்தக் காலையில் எழுந்து ஷட்டரை ஏற்றும் பட்டையை இழுக்கப் போனார். எர்சிலியா கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க அக்கா. நான் குருடாயிட்டேனான்னு தெரிஞ்சுக்கணும்."

"தொட்டேன்னா பாரு. ஒரு பொட்டு வெளிச்சம் வரக்கூடாது."

நான் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். வெயில் மட்டும்தான் ஆகாது, வீட்டு விளக்கு எரியத்தான் வேண்டும், அந்த வெளிச்சத்தில்தான் மருந்து உடம்பைவிட்டு நீங்கும் என்றார் மருத்துவர். இருட்டில் நின்றபடியே அதைச் சொன்னேன்.

"ஏன் அக்கா இப்படி அடைச்சு வெச்சீங்க?" என்று கேட்டார் மாமியார்.

"அந்தக் கண்ணு என்னாலதானேடி போச்சு..." எர்சிலியாவின் குரல் உடைந்தது. "நான் இடுப்பு ஒடிஞ்சு கிடந்தப்ப, உன் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகாம என்னைத் தூக்கிக் குளிப்பாட்டிட்டு இருந்த. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இதுவும் போச்சுன்னா, இந்த வீட்ல எனக்குச் சோறு எறங்குமா?"

அவர் பையிலிருந்து பல்பை எடுத்து நீட்டினார். நான் அதை வாங்கி மாட்டி, விளக்கைப் போட்டேன்.

மாமியார் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எர்சிலியாவை நேராகப் பார்த்தார்.

"உங்க மூக்கு தெரியுது அக்கா. முன்னைவிடப் பெருசாத்தான் இருக்கு."

எர்சிலியா அவர் தோளில் முகம் புதைத்து அழுதார்.

அந்த வலது கண் சில ஆண்டுகள் தாங்கியது; பிறகு அதன் நடுப்பார்வையும் போயிற்று. எர்சிலியா ஒரு குளிர்காலத்தில் நிமோனியாவில் இறந்தார். நானும் என் கணவரும் பொலோன்யாவுக்குக் குடிபெயர்ந்தோம். மாமியார் வர மறுத்துவிட்டார்; ஓரப்பார்வையோடு அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறார்.