முதலில் கூப்பிடுவது யார்?

மழை பெய்தால் அந்தப் பரிசோதனை மையத்துக்கு யாரும் வர மாட்டார்கள். மழை இல்லாத நாளிலும் யாரும் சட்டென்று வந்துவிடுவதில்லை என்பது வேறு விஷயம். எதிர்க் கடையில் நின்று எதையோ விலை கேட்பார்கள். தெருமுனை வரை போவார்கள், திரும்பி வருவார்கள். அப்புறம்தான் படி ஏறுவார்கள்.

அன்று மத்தியானம் கொட்டுகிற மழையில் ஒருவன் தயங்காமல் படி ஏறி வந்தான். தோளில் கனத்த பை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலிலேயே நின்று, இமையில் தேங்கிய மழையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

அவளும் பார்த்தாள். பயந்த கண்கள் அவளுக்கு அத்துப்படி. இந்தக் கண்களில் பயத்தைக் காணோமே... நன்றாக மறைக்கத் தெரிந்தவன் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அங்கே கவுன்சிலர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முதலில் பேசி, சந்தேகம் தீர்த்து, ரத்தம் எடுக்க அனுப்பி, முடிவு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது அவள் வேலை. காதில் விழுந்தது எதுவும் அவள் வாயிலிருந்து வெளியே வராது. அதனால் மையத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பூட்டு'.

"ஃப்ரிட்ஜ் பார்க்க வந்தேன் மேடம்..."

பூட்டு புன்னகை செய்தாள். போன வாரம் ஒருவர் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தேன் என்றார். இன்னொருவர் நண்பனுக்காக வந்தேன் என்று சொல்லிவிட்டு, ஊசியைப் பார்த்ததும் நண்பனுக்கும் சேர்த்து மயங்கி விழுந்தார்.

"பரவாயில்ல, உட்காருங்க. இங்க வர்றவங்க முதல்ல வேற எதுக்காவதுதான் வருவாங்க."

"இல்ல மேடம், நிஜமாவே..."

"நிஜமாத்தான். உட்காருங்க."

உட்கார்ந்தான். அவள் ஆரம்பித்தாள். எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று சொன்னாள். தொற்று இருந்தாலும் தினமும் மாத்திரை போட்டால் எல்லாரையும் போல வாழலாம் என்றாள். இழுப்பறையிலிருந்து மரத்தில் செய்த மாதிரியை எடுத்து மேஜையில் நிறுத்தி, ஆணுறையை எப்படிப் பிரிப்பது, எப்படி மாட்டுவது, காலாவதித் தேதியை எங்கே பார்ப்பது என்று கைகளால் செய்து காட்டினாள். அவன் காது இரண்டும் சிவந்துபோயின. ஆனால் எழுந்து ஓடவில்லை. தேதி முடிந்த பாக்கெட்டைக் கடைக்காரர் மாற்றித் தருவாரா என்று ஒரு கேள்வி வேறு கேட்டான். கவனமாகக் கேட்கிற ஆள்தான் என்று அவளுக்கு மனசுக்குள் சந்தோஷம்.

இருபது நிமிஷம் முடிந்தது.

"இவ்வளவு தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்ல மேடம்," என்றான் அவன், மெதுவாக. "இப்ப... ஃப்ரிட்ஜ் எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா..."

உள்ளறையிலிருந்து லேப் அக்கா தலையை நீட்டினாள். மெக்கானிக் வந்துவிட்டாரா, காலையிலிருந்து டெஸ்ட் கிட்டெல்லாம் ஐஸ் பெட்டியில் கிடக்கிறதே என்று கேட்டாள். அவன் பையைத் திறந்தான். ஸ்பேனர், செம்புக் குழாய், கேஸ் அளக்கிற மீட்டர்.

பூட்டுக்கு அந்த மர மாதிரியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. இழுப்பறை வேறு அந்த நேரம் பார்த்துச் சிக்கிக்கொண்டது.

ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்ததும் அவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கும் ஒரு டெஸ்ட் எடுங்க. இல்லன்னா உங்க இருபது நிமிஷம் வீணாப் போயிடும்." சிரித்தவன், கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு விஷயமும் நடந்துச்சு. அதைச் சொல்லணுமா?"

விருப்பம் இருந்தால் சொல்லலாம் என்றாள். சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். பூட்டு பூட்டுதான்.

அங்கே யாருக்கும் பெயர் எழுதுவதில்லை, நம்பர்தான். அவன் பதினேழு. முடிவு வந்தது. தொற்று இல்லை. இருந்தாலும் நிச்சயம் செய்துகொள்ள மூன்று மாதம் கழித்து ஒரு முறை வரச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் படி இறங்கினான். மழை விட்டிருந்தது. அவன் நின்ற இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரை அவள் துடைக்கவே இல்லை... ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தன்னிடம் கவுன்சிலிங்குக்கு வந்தவரை வெளியே எங்கே பார்த்தாலும் முதலில் சிரிக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவே கூடாது. அவர்களாக வந்து பேசினால் பேசலாம். நாம் ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் 'இவங்களை உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார். அதற்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள், பாவம்?

ஏழு வருஷமாக அவள் அப்படித்தான் அந்த ஊரில் நடக்கிறாள். பழக் கடையில், மருந்துக் கடையில், பஸ்ஸில்... எல்லாம் தெரிந்த முகங்கள். ராத்திரியில் எதை நினைத்து அழுவார்கள் என்பது வரை அவளுக்குத் தெரியும். ஒருவர்கூட 'என்னம்மா, சாப்பிட்டியா?' என்று கேட்டதில்லை. ஒரு தடவை பஸ்ஸில், அவள் தோளில் சாய்ந்து அழுத பெண் ஒருத்தி பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நிறுத்தம். இவள் இந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள், அவள் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள்.

வீட்டில் அண்ணனும் அண்ணியும். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் 'ஆபீஸ் வேலை' என்று அண்ணி முடிக்கப் பார்ப்பாள். இவள் வாயைத் திறந்து என்ன வேலை என்று விளக்கமாகச் சொல்லிவிடுவாள். அத்தோடு சரி. வந்தவர்களுக்கு அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

"ஊர் ரகசியமெல்லாம் உன் வாயிலேர்ந்து வராது. இந்த ஒண்ண மட்டும் மறைக்கத் தெரியலியேம்மா உனக்கு," என்பாள் அண்ணி. கோபமாகச் சொல்ல ஆரம்பித்து, கண்கலங்கி முடிப்பாள்.

மழைக்குப் பத்து நாள் கழித்து அவனைத் தெருவில் பார்த்தாள். ஒரு கடை வாசலில் ஏணி மேல் நின்று ஏ.சி. மாட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவன் கை நின்றது. முகத்தில் பாதிச் சிரிப்பு வந்து, மீதிக்காகக் காத்திருந்தது. அவள் நேராகப் பார்த்தபடி கடந்து போனாள். இன்னொரு நாள் டீக்கடை வாசலில். அப்புறம் பாங்க் வரிசையில். ஒவ்வொரு தடவையும் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமானது. 'ஒரு தடவை, ஒரே ஒரு தடவை... நீயே கூப்பிடேன்' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டுதான் நடந்தாள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மாதம் சர்வீஸுக்கு வந்தபோது ஃப்ரிட்ஜிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"ஸ்பேனர் பிடிக்கிறவன்னா சிலபேர் கண்ணுக்குத் தெரிய மாட்டான் போல. தேதி எங்க பார்க்கணும்னு சொல்லிக் கொடுக்க மட்டும் தெரியும்."

லேப் அக்கா நமுட்டுச் சிரிப்புடன் வெளியே நழுவினாள். பூட்டு சட்டத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கையில் இருந்த ஸ்பேனர் கீழே இறங்கியது.

"ஏழு வருஷமாவா? யாருமே கூப்பிட்டதில்லையா?"

அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நான்தான் முதல்ல கூப்பிடணும். அவ்வளவுதானே?"

"யோசிச்சுக் கூப்பிடுங்க. நான் எங்க வேலை பார்க்கிறேன்னு ஊருக்கே தெரியும். எப்படிப் பழக்கம்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குத் தெரு கொஞ்சம் அகலமாக இருந்த மாதிரி தோன்றியது. அண்ணி சாப்பாடு போட்டபடியே, என்ன இன்னிக்கு முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றாள். பொய். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பொய்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், காய்கறி மார்க்கெட். நல்ல கூட்டம். எதிரே அவன் வந்தான். கையில் பை, பக்கத்தில் ஒரு வயதான அம்மா. அவன் மூக்கும் அந்த அம்மாவின் மூக்கும் ஒரே அச்சு.

அவன் பார்த்துவிட்டான். உதடு பிரிந்தது. கூப்பிடு... கூப்பிடேன்...

"என்னடா பார்க்கிற?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா." அவன் குனிந்து, பக்கத்துத் தரைக்கடையில் இருந்த ஒரு குடையை எடுத்து விரித்துப் பார்த்தான். மழையே இல்லை.

அவள் கடந்து போனாள். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. அவள் சிரிக்கவில்லை, கூப்பிடவில்லை, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சட்டம் அவளுக்கு வலித்தது. எத்தனையோ பேர் பார்க்காத மாதிரிப் போயிருக்கிறார்கள். ஒருவரை நினைத்தும் இப்படி அழுகை வந்ததில்லையே. இவனை நினைத்து மட்டும் எதற்கு? பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. காய்கறிப் பையைத் தூக்கி அதில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, மையத்தை நடத்துகிற பெரிய மேடத்திடம் போய், பதினேழாம் நம்பர் அட்டையில் கவுன்சிலர் என்ற இடத்தில் தன்னை அடித்துவிட்டு லேப் அக்காவைப் போடச் சொன்னாள். அந்த அக்காவும் கவுன்சிலிங் படித்தவள்தான். காரணம் கேட்ட மேடம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் முடிந்தது. பஸ் நிலையத்தில் மையத்தின் விழிப்புணர்வு முகாம். ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், ஒரு பேனர், துண்டுப் பிரசுரக் கட்டு. கூட்டத்துக்குக் குறைவில்லை. மேஜையைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டு வைத்த மாதிரி எல்லாரும் விலகி நடந்தார்கள். தூறல் ஆரம்பித்தது. லேப் அக்கா பேனரை இழுத்துக் கட்டினாள். பூட்டு பிரசுரங்களை நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வட்டத்துக்குள் இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன.

"வணக்கம் மேடம்."

சத்தமாகச் சொன்னான். பஸ்ஸுக்கு நின்ற பாதிப் பேர் திரும்பினார்கள். அவள் நிமிர்ந்தாள். அதே கண்கள், அதே இமையில் மழைத்துளி. இந்தத் தடவை அந்தக் கண்களில் பயம் இருந்தது, நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் அவன் அம்மா, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

"நான் இவங்ககிட்டதான் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்," என்றான் அம்மாவிடம், அதே சத்தத்தில். "அன்னிக்கு மார்க்கெட்ல நான் பார்த்தும் பார்க்காத மாதிரி குடையை எடுத்தேனே... அது இவங்களைப் பார்த்துதான்."

பிறகு அவளிடம் சொன்னான். மார்க்கெட்டிலிருந்து போன பிறகு மனசு கேட்காமல் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். தொற்று இல்லை என்று சொல்லியும் அம்மா அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டாளாம். இரண்டு மாதமாகத் தனியாகத்தான் சாப்பிடுகிறானாம்.

"தனியா உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் ஏழு வருஷம்னா எவ்வளவுன்னு புரிஞ்சுது," என்றான். "அம்மாவுக்கு நான் சொன்னா நம்பிக்கை இல்ல. எனக்குச் சொன்ன மாதிரி அவங்களுக்கும் சொல்லுங்க. அந்த மர சாமான் மட்டும் வேண்டாம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த அம்மா உட்காரலாமா வேண்டாமா என்று யோசித்து, நுனியில் உட்கார்ந்தாள். தட்டில் தொற்றாது, டம்ளரில் தொற்றாது, ஒரே பாயில் உட்கார்ந்தால் தொற்றாது, நோய் இருக்கிறவரோடு சாப்பிட்டாலே தொற்றாது, உங்கள் பிள்ளைக்கு நோயே இல்லை என்று பொறுமையாகச் சொன்னாள். அந்த அம்மா கேட்ட கேள்விகளில் இரண்டு கொஞ்சம் குத்தலாகத்தான் இருந்தன. அதற்கும் பதில் சொன்னாள். அம்மா ஒரு பிரசுரத்தை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்து போகவில்லை.

"மூணாம் மாச டெஸ்டும் எடுக்கணுமே மேடம்," என்றான் அவன்.

"அது இனிமே லேப் அக்காகிட்ட. உங்க அட்டையை அவங்க பேருக்கு மாத்திட்டேன்."

அவன் முகம் வாடிவிட்டது. "அவ்வளவு கோபமா? எப்ப மாத்தினீங்க?"

"மார்க்கெட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை."

"நியாயந்தான்... நான் பண்ணதுக்கு என் முகத்திலயே முழிக்கக் கூடாதுதான்."

"கோபத்துல இல்ல." அவள் குரல் தூறலை விட மெல்லியதாக இருந்தது. பக்கத்தில் அவன் அம்மா இருக்கிறாள், அக்கா இருக்கிறாள், பஸ்ஸுக்கு நிற்கிற ஊரே இருக்கிறது. இருக்கட்டுமே. "நான் கவுன்சிலிங் பண்றவங்களைத்தான் நான் முதல்ல கூப்பிடக் கூடாது. நீங்க இனிமே என் நம்பர் இல்ல."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்து பார்த்தான்.

"நீங்க எப்பக் கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டே நடக்க என்னால முடியல," என்றாள். "அடுத்த தடவை மார்க்கெட்ல பார்த்தா... நான் முதல்ல கூப்பிடுவேன்."